விட்டுப் படித்த இரண்டு பக்கங்கள்

ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் அந்த அம்மாளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரி முழுவதும் அவள் 'ஆடாதே அக்கா'தான். பதினேழு வருஷமாக நாளொன்றுக்குப் பதினைந்து பேரை அந்த நீளமான குழாய்க்குள் தள்ளிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, மைக்கில் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்பவளுக்கு வேறென்ன பெயர் கிடைக்கும்? பெரிய டாக்டரே ஒருமுறை கழுத்துவலி என்று வந்து படுத்தார். அவருக்கும் அதே மந்திரம்தான், கூட ஒரு மரியாதை விகுதி, அவ்வளவுதான்.

வேலையில் அவள் கெட்டிக்காரி. கோபமும் மூக்கின் நுனியில் இருக்கும். குழாய்க்குள் படுத்தவர் ஒரு நூல் அளவு அசைந்தாலும் படம் கலங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஆகையால் உலகத்தில் மனிதர்களை அசைய வைக்கிற எதுவும் அவளுக்கு ஆகாது. அதில் முதலிடம் சாகசக் கதைப் புத்தகங்களுக்கு.

காரணம் இல்லாமல் இல்லை. அவளுடைய மகளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மலையேறுகிறவர்களைப் பற்றிய ஒரு கதையைப் படித்துவிட்டு, மூன்று படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டு, மாடி ஜன்னல் வழியாகக் கீழே இறங்கினாள். முடிச்சு தாங்கியது. முடிச்சைக் கட்டிய தண்ணீர்க் குழாய் தாங்கவில்லை. தாடையில் ஆறு தையல். அன்றிலிருந்து பளபளக்கிற அட்டையில் கப்பலோ மலையோ தெரிந்தால் போதும், அக்காவுக்கு அந்த ஆறு தையல்தான் கண்ணில் நிற்கும். அன்று காலையில்கூடப் பூகோளப் புத்தகத்துக்குள் இன்னொரு புத்தகம் ஒளிந்திருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"இது என்னடி?"

"பூகோளம்தாம்மா. இதுலயும் கடல் வருது, தீவு வருது."

"பரீட்சை முடியற வரைக்கும் உன் தீவு என் பையில இருக்கட்டும்" என்று பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தாள்.

பத்து மணிக்கு மேஜையில் இருந்த முதல் கோப்பே அவள் முகத்தைச் சுளிக்க வைத்தது. நோயாளிக்கு வயது ஒன்பது. முதுகுத்தண்டில் கட்டி. வலது கால் மரத்துக்கொண்டே வருகிறது, நடக்கும்போது விழுகிறாள். ஏற்கனவே இரண்டு முறை படம் எடுக்க முயன்றிருக்கிறார்கள், இரண்டு முறையும் அக்கா விடுப்பில் இருந்தபோது. அடுத்த ஷிஃப்டுப் பையன்தான் பார்த்திருக்கிறான். இரண்டு தாளிலும் அவன் கையெழுத்தில் ஒரே குறிப்பு: 'ஒத்துழைப்பு இல்லை.'

அதோடு மயக்க டாக்டரின் சீட்டும் இருந்தது. அவர் நேரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"இந்தக் குழந்தைக்கு மூச்சு இழுப்பு இருக்கு. இந்த நுரையீரலை நம்பி ஒரு தடவைதான் மயக்கம் கொடுப்பேன். அது ஆபரேஷனுக்கு. படம் எடுக்க ஒண்ணு, அறுக்க ஒண்ணுன்னு ரெண்டு தடவை கொடுக்கச் சொல்லி யாரும் என்கிட்ட வராதீங்க. முழிச்சிக்கிட்டே எடுங்க."

"எடுக்க முடியலன்னா?"

"சர்ஜன் கண்ணைக் கட்டிக்கிட்டு அறுக்க மாட்டார். நாளன்னைக்குத் தேதி குறிச்சிருக்கு. இன்னைக்குப் படம் வந்தா ஆபரேஷன். வரலன்னா தள்ளிப் போகும். தள்ளிப் போனா அந்தக் கால் காத்துக்கிட்டு இருக்காது."

ஆக, அன்றைய கணக்கு இவ்வளவுதான்: நாற்பது நிமிஷம் ஒரு குழந்தை ஆடாமல் படுத்திருந்தால் அது நடக்கும். இல்லையென்றால் நடக்காது.

குழந்தை சக்கர நாற்காலியில் வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் அதன் அப்பா, தையல்காரர். மகளை 'ஊசி' என்று கூப்பிட்டார். பார்த்தால் பொருத்தமாகத்தான் இருந்தது. உடம்பில் சதையே இல்லை. பார்வை மட்டும் குத்தியது.

"உள்ளே பக்கத்துல நிக்கறீங்களா? காலைப் பிடிச்சுக்கலாம். உடம்புல இரும்பு எதுவும் இருக்கக் கூடாது" என்றாள் அக்கா.

தையல்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார். சட்டைக் காலரிலிருந்து மூன்று குண்டூசிகளை எடுத்து வைத்தார். "அவ்வளவுதானா?" என்று கேட்டதும் கைமடிப்பைத் தடவி இரண்டு எடுத்தார். சட்டைப்பையின் ஓரத்தில் ஒரு தையல் ஊசி, நூலோடு. இடுப்பு மடிப்பில் இன்னொன்று. சோதிக்கிற கருவியை வைத்துப் பார்த்தால் அது மறுபடியும் கத்தியது. எங்கே குத்தி வைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. இருபது வருஷப் பழக்கம், கை தானாகக் குத்தி வைக்கிறது.

"அய்யா, நீங்க ஒரு கடையே நடத்தலாம். உள்ளே போனீங்கன்னா காந்தம் உங்களை அப்படியே சுவத்துல ஒட்டிடும். இங்கேயே என் பக்கத்துல உட்காருங்க. திரையைப் பார்க்கக் கூடாது, அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்க."

"எங்க அப்பா சாயங்காலம் வீட்டுக்கு வந்தா நாங்க யாரும் அவர் மேல சாய மாட்டோம்" என்றாள் ஊசி. அதுதான் அவள் பேசிய முதல் வார்த்தை. குழாயைப் பார்த்ததும் அந்த வாய் பட்டென்று மூடிக்கொண்டது.

அக்கா அவளை மேடையில் படுக்க வைத்தாள். காதில் ஹெட்ஃபோன் மாட்டினாள். கையில் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து, "ரொம்ப முடியலன்னா இதை அமுக்கு, நான் நிறுத்திடுவேன். ஆனா அமுக்காம இருந்தா நல்லது. ஆறு சுற்று. ஒவ்வொண்ணும் நாலஞ்சு நிமிஷம், கடைசி மட்டும் கொஞ்சம் நீளம். நடுவுல ரெண்டு நிமிஷம் ஓய்வு. சுற்று ஓடறப்ப ஆடாதே, பேசாதே. புரிஞ்சுதா?" என்றாள். குழந்தை தலையாட்டியது. ஆடாதே என்று சொன்ன அடுத்த நொடியே தலையாட்டுகிறதே என்று அக்காவுக்கு அப்போதே நம்பிக்கை போயிற்று.

முதல் சுற்று தொடங்கி நாற்பது வினாடி. இயந்திரம் டக் டக்கென்று இடிக்க ஆரம்பித்தது, அவ்வளவுதான், அலாரம் அடித்தது. பந்தை அமுக்கிவிட்டாள். அக்கா நிறுத்தினாள். மறுபடி சமாதானம் சொன்னாள், மறுபடி தொடங்கினாள். இந்த முறை முப்பது வினாடி.

"பாட்டுப் போட்டாங்க போன தடவை. அதுவும் ஒண்ணும் சரிப்படல" என்றார் தையல்காரர், சுவரைப் பார்த்தபடியே. "வீட்டுல ஒரு இடத்துல அசையாம உட்காருவா, ஆனா கையில படிக்க எதாவது இருக்கணும். துணி சுத்திக் கொடுக்கற பழைய பேப்பரைக்கூட விடமாட்டா. வாயில ஈ போறது தெரியாது."

குழாய்க்குள் புத்தகம் பிடித்துக்கொண்டு படிக்க முடியாது. அக்கா நகத்தைக் கடித்தாள். அவளிடம் இருந்த ஒரே புத்தகம் காலையில் பிடுங்கியது. வேறு வழி தெரியாமல்தான் அதைப் பையிலிருந்து எடுத்தாள். தனக்கே கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. மைக்கின் பொத்தானை அழுத்தி, பஸ் நேர அட்டவணை படிக்கிற குரலில் படிக்கத் தொடங்கினாள்.

கதை இதுதான். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, ஒரு படகுக்காரரின் மகள். அப்பா படகில் கடலுக்குப் போயிருக்கிறார். எதிரே குட்டித் தீவில் இருக்கிற கலங்கரை விளக்கத்தில் அன்று விளக்கு ஏற்றப்படவில்லை. விளக்குக்காரருக்கு என்னவோ ஆகிவிட்டது. இருட்டுவதற்குள் யாராவது போய் ஏற்றாவிட்டால் அப்பாவின் படகு பாறையில் மோதும். கரையில் இருந்தது ஒரு பழைய படகு மட்டும். அதைத் தள்ளிக்கொண்டு தனியாகவே கிளம்பிவிட்டாள். பாதிக் கடல் தாண்டியபோது பாதத்தில் ஏதோ ஜில்லென்று பட்டது. குனிந்து பார்த்தாள். படகின் அடியில் இருக்க வேண்டிய அடைப்பான் இல்லை. தண்ணீர் குமிழ் விட்டுக்கொண்டு உள்ளே ஏறிக்கொண்டிருந்தது.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். நேரமாகிவிட்டது. "சரி, இப்ப சுற்று" என்று பொத்தானை விட்டாள்.

"அக்கா! அப்புறம்?"

"அப்புறம் மிஷின் நின்னதும். ஆடாம இருந்தா."

இயந்திரம் இடித்தது. நாற்பது வினாடி போயிற்று, ஒரு நிமிஷம் போயிற்று. அலாரம் அடிக்கவில்லை. குழாயின் கோடியில் இருந்த குட்டிக் கேமரா ஊசியின் முகத்தைக் காட்டியது. கண்ணைக் கொட்டாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வைதான் அது. அவள் மகளும் சோற்றுத் தட்டுக்கு முன்னால் புத்தகத்தோடு இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள், இவள் கத்துவாள். படம் கண்ணாடி மாதிரி வந்தது.

இது அவள் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனாலும் கெட்டிக்காரி இல்லையா, விஷயத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். அடுத்த இடைவேளையில் இன்னும் கொஞ்சம் வேகமாகப் படித்து, படகுக்காரர் மகள் தன் சட்டையைக் கிழித்து ஓட்டையை அடைத்து முடித்து, பெரிய அலை ஒன்று படகைத் தூக்க, கையிலிருந்த துடுப்பு நழுவுகிற இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினாள். மூன்றாம் சுற்றுக்கு முன்னால், படகு நொறுங்கி அவள் நீந்திப்போய் ஒரு குகைக்குள் ஏற, பின்னால் குகையின் வாசலைத் தண்ணீர் மூடத் தொடங்குகிற இடம். எங்கே நிறுத்தினால் குழந்தை மூச்சைப் பிடிக்கும் என்று அவளுக்குக் கை வந்துவிட்டது. பஸ் அட்டவணைக் குரலும் எங்கேயோ காணாமல் போயிற்று. தையல்காரரும் சுவரைப் பார்த்தபடியே, "துடுப்பு போனா எப்படிங்க?" என்று கவலைப்பட்டார்.

நான்காம் சுற்றுக்கு முன்னால் குகைக்குள் தண்ணீர் கழுத்துவரைக்கும் வந்துவிட்டது. அங்கே நிறுத்தினாள்.

சுற்று ஓடிக்கொண்டிருக்கும்போது அக்கா அடுத்து வருவதை எட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கம் முழுக்கப் பயம். படகுக்காரர் மகள் இருட்டில் கத்துகிறாள். அம்மாவைக் கூப்பிடுகிறாள். வந்தது தப்பு, தப்பு என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். இடுப்புக்குக் கீழே மட்டும் தண்ணீர் திடீரென்று கதகதப்பாக இருப்பது எதனால் என்று புரிந்ததும், யாருமே இல்லாத அந்த இடத்தில்கூட வெட்கப்பட்டு அழுகிறாள். ஒன்பது வயதுக் குழந்தை, குழாய்க்குள் அடைபட்டிருக்கிற குழந்தை, இதையா கேட்பது? என்ன எழுத்தாளர்களோ, பிள்ளை பெற்றவர்களாக இருந்தால் இப்படி எழுதுவார்களா? இன்னும் இரண்டே சுற்றுதான் பாக்கி. பாழாக்க அவளுக்கு மனமில்லை.

சுற்று நின்றது. அக்கா பொத்தானை அழுத்தினாள். இரண்டு பக்கத்தையும் தாண்டிவிட்டுச் சொந்தமாகவே ஒரு கதை விட்டாள்.

"படகுக்காரர் மகள் கொஞ்சங்கூடப் பயப்படவில்லை. தைரியமாகக் காத்திருந்தாள். அலை வடிந்தது. அவள் சிரித்துக்கொண்டே குகையிலிருந்து வெளியே வந்தாள்." குரலில் தேனைத் தடவிக்கொண்டு, "பார்த்தியா, எவ்வளவு தைரியசாலி! நீயும் அப்படித்தானே? சரி, அஞ்சாவது சுற்று" என்றாள்.

ஊசி 'அப்புறம்' என்று கேட்கவில்லை. அதை அக்கா கவனித்திருக்க வேண்டும்.

ஒரு நிமிஷம் ஆகவில்லை, அலாரம் அலறியது.

"என்னம்மா? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு?"

"நீங்க பக்கத்தை விட்டுட்டீங்க" என்றது ஒலிபெருக்கி வழியாக வந்த குரல்.

"யார் சொன்னா?"

"பேப்பர் திருப்புற சத்தம் கேட்டுச்சு. சேர்ந்தாப்புல ரெண்டு. கழுத்து வரைக்கும் வந்த தண்ணி அதுக்குள்ள எப்படி வடியும்?"

பதினேழு வருஷமாக எல்லோரையும் கண்ணாடி வழியாகக் கண்காணித்தவள், ஒன்பது வயதுப் பெண்ணிடம் வசமாக மாட்டிக்கொண்டாள்.

"அவ நிஜமாவே பயப்படலையா?" என்று அந்தக் குரல் மறுபடியும் கேட்டது.

"அது வந்து..."

"பயப்படலன்னா அவ வேற, நான் வேற. நான் அந்த மாதிரி இல்ல. என்னை வெளிய எடுங்க."

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. உண்மையை உள்ளபடி சொல்லுகிற குரலில் சொன்னாள். அதுதான் அக்காவைக் குத்தியது. தையல்காரர் நாற்காலியில் பாதி எழுந்து, "எடுத்திடுங்கம்மா, போதும். வேணாம். அவளால முடியாது" என்றார். அவர் கை சும்மா இருக்க முடியாமல் காலரில் இல்லாத குண்டூசிகளைத் தேடிக்கொண்டிருந்தது.

அக்கா கதவை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். வெளியே எடுத்துவிட்டால் கோப்பில் மூன்றாவது தாள் சேரும், அதில் அதே இரண்டு வார்த்தையை இந்த முறை அவளே எழுத வேண்டியிருக்கும். கால் மட்டும் காத்துக்கொண்டிருக்காது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தைப் புரட்டி, தாண்டிய இடத்தைக் கண்டுபிடித்தாள்.

"விட்டது நெஜந்தான். ரெண்டு பக்கம். அதுல அவ ரொம்பப் பயப்படறா. உனக்குப் பயமா இருக்கும்னுதான் விட்டேன். படிக்கட்டுமா?"

"படிங்க."

படித்தாள், ஒரு வார்த்தை விடாமல். இருட்டை, கத்தலை, அம்மாவை, தப்பு தப்பு என்பதை. அந்தக் கதகதப்பான தண்ணீர் வந்த இடத்தில் மட்டும் குரல் ஒரு கணம் தடுமாறியது, ஆனாலும் படித்துவிட்டாள்.

குழாயிலிருந்து மெதுவாக, "அந்த வரியை இன்னொரு தடவை படிங்க" என்றது.

படித்தாள்.

"அவளுமா?" என்றது குரல். அதோடு சின்னதாக ஒரு சிரிப்பு, மூக்கு வழியாக வருகிற சிரிப்பு.

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "முதல் தடவை வந்தப்ப உள்ளேயே ஒண்ணுக்குப் போயிட்டாம்மா. அந்தத் தம்பி சத்தம் போட்டுட்டார், இவ்வளவு பெரிய மிஷின் கெட்டுப்போகும், இவ்வளவு பெரிய பொண்ணுன்னு. வெளியில நாலு பேர் உட்கார்ந்திருந்தாங்க. அன்னைக்கிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் அவ அதைப்பத்தி யார்கிட்டயும் பேசல. எங்ககிட்டகூட."

கோப்பில் அது இல்லை. 'ஒத்துழைப்பு இல்லை' என்றுதான் இருந்தது. அக்காவுக்கு அந்தப் பையனைக் கூப்பிட்டுக் காதைத் திருக வேண்டும்போல் இருந்தது. அதே நொடியில், தானும் எத்தனை பேருக்கு இதே இரண்டு வார்த்தையை எழுதியிருக்கிறோம் என்று தோன்றி, அந்தக் கோபம் பாதியிலேயே நின்றுபோயிற்று.

"ஊசி, சுற்று ஆரம்பிக்கட்டுமா?"

"அவ இன்னும் குகைக்குள்ளதானே இருக்கா?"

"உள்ளதான் இருக்கா."

"சரி. ஆரம்பிங்க."

ஐந்தாம் சுற்று ஓடியது. கேமராவில் ஊசியின் கண்ணிலிருந்து ஒரு துளி புறப்பட்டு, பக்கவாட்டில் வழிந்து, ஹெட்ஃபோனுக்கு அடியில் போய் மறைந்தது. கழுத்து அசையவில்லை. தோள் அசையவில்லை. திரையில் முதுகுத்தண்டு எலும்பு எலும்பாகத் தெளிவாக ஏறிக்கொண்டு வந்தது. பயந்தபடியே ஆடாமல் படுத்திருப்பது என்று ஒன்று உண்டு என்பதை அக்கா அன்றைக்குத்தான் பார்த்தாள். பயப்படாதே, ஆடாதே என்று இத்தனை வருஷமாக இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்கே அசட்டுத்தனமாகப் பட்டது.

மகளின் நினைப்பு வந்தது. இந்தப் புத்தகங்கள் பிள்ளைகளைப் பயமில்லாத மூடர்களாக ஆக்குகின்றன என்றுதான் அவள் கட்சி கட்டிக்கொண்டிருந்தாள். இதில் அப்படி ஒன்றும் எழுதவில்லையே. பக்கத்துக்குப் பக்கம் நடுங்குகிறாள் அந்தப் பெண், நடுங்கிக்கொண்டே ஓட்டையை அடைக்கிறாள். அன்றைக்கு மாடியிலிருந்து விரிப்பைப் பிடித்துக்கொண்டு தொங்கினாளே, தன் மகளுக்கும் உள்ளங்கை வேர்த்திருக்குமோ? தையல் போட்டோம், திட்டினோம், மாடி ஜன்னலுக்குக் கம்பி வைத்தோம். பயந்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடைசி இடைவேளை. ஆறாவது சுற்றுதான் இருப்பதிலேயே நீளம், ஏழு நிமிஷம். கட்டி நரம்பை எங்கே தொடுகிறது என்று காட்டுகிற படம் அது. அது இல்லாவிட்டால் மற்ற ஐந்தும் சர்ஜனுக்குப் பாதி பிரயோஜனம்தான். அக்கா தண்ணீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் படித்தாள். குகையில் தண்ணீர் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்போது கால் பக்கம், தண்ணீருக்கு அடியில், மங்கலாக ஒரு வெளிச்சம். பாறைக்குக் கீழே வழி இருக்கிறது. ஆனால் எவ்வளவு நீளம் என்று தெரியாது. மூச்சு போதுமா என்று தெரியாது. படகுக்காரர் மகள் அழுது முடித்தாள். மூக்கைத் துடைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, முங்கினாள்.

அத்தியாயம் அங்கே முடிந்தது. அக்கா வேண்டுமென்று நிறுத்தவில்லை, எழுதியவரே நிறுத்தியிருந்தார்.

"இப்ப ஏழு நிமிஷம், ஊசி."

"அவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்க முடியாதே!"

"நீ மூச்சு விடலாம்மா. அவதான் விடக் கூடாது."

ஏழு நிமிஷம். தையல்காரர் சுவரைப் பார்த்தபடி உதட்டை அசைத்து என்னவோ எண்ணிக்கொண்டிருந்தார். அக்கா திரையையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஐந்தாவது நிமிஷத்தில் ரப்பர் பந்தின் மேல் ஊசியின் விரல்கள் இறுகின. அக்காவின் விரல் நிறுத்துகிற பொத்தானுக்குப் போயிற்று. விரல்கள் இறுகியே இருந்தன, அமுக்கவில்லை. மெல்லத் தளர்ந்தன. டக் டக் ஓய்ந்தது. கடைசிப் படம் திரையில் முழுசாக வந்து நின்றது.

"முடிஞ்சுதுங்களா?" என்றார் தையல்காரர்.

"முடிஞ்சுது. நல்லா வந்திருக்கு."

நல்லா வந்திருக்கு என்பது படத்தைப் பற்றி. படத்துக்குள் இருந்ததைப் பற்றி அவள் பேசவில்லை. அவள் டாக்டர் இல்லை. ஆனால் பதினேழு வருஷமாகப் பார்க்கிற கண். கட்டி நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. நரம்பை ஒட்டி இருந்தது. நாளை மறுநாள் சர்ஜனுக்கு லேசான வேலை இல்லை, அந்த நுரையீரலுக்கும் லேசான வேலை இல்லை. தையல்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் விசைப்பலகையைப் பார்த்தாள்.

உள்ளே போய் மேடையை வெளியே இழுத்தாள். ஊசியின் முடி நெற்றியில் வியர்வையோடு ஒட்டியிருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றியதும் முதல் கேள்வி:

"அவ வெளிய வந்துட்டாளா?"

"வந்துட்டா" என்ற வார்த்தை அக்காவின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரு குழந்தையிடம் சொல்ல அதைவிட நல்ல வார்த்தை இருக்கிறதா? நாளை மறுநாள் இன்னொரு மேடையில் படுக்கப்போகிற குழந்தையிடம்? ஆனால் இவளிடம் ஏற்கனவே ஒருமுறை அதைச் சொல்லியாயிற்று. இவளுக்குக் காகிதம் திரும்புகிற சத்தம்கூடக் கேட்கும்.

"தெரியலம்மா" என்றாள் அக்கா. "நெஜமாவே தெரியல. நானும் அதுக்கு மேல படிக்கல."

ஊசி அவள் கண்ணையே பார்த்தாள். சோதித்துப் பார்க்கிற பார்வை. பொய் இல்லை என்று தெரிந்ததும் முகம் இளகியது. அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து சக்கர நாற்காலியில் வைத்தாள், மரத்துப்போன வலது காலைக் கையால் எடுத்து மிதியில் பொருத்தினாள். எடை என்று ஒன்றும் இல்லை அந்தக் காலில்.

"மிச்சம் இப்பவே படிக்கட்டுமா? வெளிய காத்திருக்கறவர் பத்து நிமிஷம் பொறுத்துப்பார். முட்டி வலிதான், ஓடிப்போயிட மாட்டார்."

ஊசி யோசித்தாள். ஆசை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது, உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"வேணாம். ஆபரேஷன் முடிஞ்சு வந்து கேட்டுக்கறேன்."

தையல்காரர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி" என்றாள் அக்கா.

"அதுவரைக்கும் நீங்களும் படிக்கக் கூடாது."

"படிக்க மாட்டேன்."

"நான் இல்லாதப்ப எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. அவ அப்படியே தண்ணிக்குள்ள இருக்கட்டும். நான் வந்தப்புறம்தான் அவ வெளிய வரணும்."

நாற்காலி நடைபாதையில் உருண்டு போயிற்று. திருப்பத்தில் தையல்காரர் நின்று, விட்டுப்போன ஊசிகளை எடுக்கத் திரும்பி வந்தார். அக்கா அவற்றை ஒரு காகிதத்தில் குத்தி அவர் கையில் கொடுத்தாள். அவர் அதிலிருந்து ஒன்றை உருவிக் காலரில் குத்திக்கொண்டே போனார்.

அவள் மைக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். முட்டிவலிக்காரரைக் கூப்பிட வேண்டும். புத்தகம், படகுக்காரர் மகள் முங்கிய இடத்திலேயே விரிந்து கிடந்தது. மின்விசிறிக் காற்றில் அடுத்த பக்கம் தானாகத் தூக்கியது. இரண்டு மூன்று எழுத்துகள் தெரியத் தொடங்கின. அக்கா பாய்ந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு, அப்படியே ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.